அவரையைப் பிரிந்த ராகி

ஆயிரம் ராகி மணிகளை எடுத்து நிறுத்தால் மூன்று கிராம்கூடத் தேறாது. அவ்வளவு சிறிய தானியம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்தில் பிறந்து, கடல் தாண்டி, தக்காணத்துச் செம்மண்ணில் வேர்விட்டு, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாராமகால் மலையடிவாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பாளிகளின் வயிற்றை நிறைத்தது. இன்று அது ஓசூர் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ‘முளைகட்டிய ராகி மாவு, அரை கிலோ’ என்ற அச்சோடு நிற்கிறது. சர்க்கரைக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, குழந்தைக்கு நல்லது என்று பாக்கெட்டின் பின்பக்கம் நீளமாகச் சொல்கிறது. பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் இந்தத் தானியம் அலமாரிக்குத் தனியாக வந்திருக்கிறது. வழியில் அது யாரை விட்டுவிட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ராகியின் கதை முழுமையாகும்.

கடல் தாண்டி வந்த மணி

எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் மேட்டு நிலங்களில், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன், காட்டுப்புல் ஒன்றை மனிதர்கள் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டுச்செடி பழுத்ததும் மணியை உதிர்த்துவிடும். உதிராமல் கதிரிலேயே நின்றதைத் தேடித் தேடி விதைத்ததில் ராகி பிறந்தது. எத்தியோப்பியாவில் அதற்கு ‘தகுசா’ என்று பெயர். சுவாகிலி பேசுவோருக்கு ‘விம்பி’. உகாண்டாவில் அதைப் புளிக்கவைத்து ஒரு பானைக் கள்ளைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிப்பார்கள்.

சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்த அதே காலத்தை ஒட்டி, கடல் வணிகத்தோடு ராகியும் வந்தது. எந்த நூற்றாண்டில் கரையேறியது என்பதில் தொல்தாவரவியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்த பிறகு அது பிடித்த இடங்களில் சந்தேகமில்லை. இமயத்தில் ‘கோதோ’ ஆகி நேபாளத்துத் தட்டில் ஏறியது. இலங்கையில் குரக்கன் ஆகி யாழ்ப்பாணத்துப் புட்டுக்கு மாவானது. தென் தமிழகத்தில் கேப்பை, நூல்களில் கேழ்வரகு, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில், மூன்று வீட்டுக்காரர்களுக்கும் விளங்குகிற பெயர் அதுதான்.

ராகிக்கு ஏற்ற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது வரைந்து காட்டினால், அது ஓசூர் மேட்டு நிலத்தின் படமாகத்தான் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கடுமையாகக் காயாத கோடை. நீரைத் தேக்காமல் இறங்கவிடும் செம்மண். தென்மேற்குப் பருவத்தின் மிச்சமும் வடகிழக்கின் தொடக்கமும் சேர்ந்து பெய்யும் மழை. ஆற்றுப்பாசனம் அரிதான இந்த வட்டாரத்தில் நெல் ஏரிக்குக் கீழே மட்டும் விளைந்தது. மேட்டு நிலம் முழுக்க ராகிக்கு விடப்பட்டது. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, சூளகிரி என்று எந்தத் திசையில் போனாலும் இதே ஏற்பாடுதான்.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் குடியானவனிடமே நேராக வரி தீர்மானிக்கும் முறையை இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் இந்தப் புன்செய்க் காடுகளில்தான். ஓசூர் பக்கம் 1799இல், திப்பு வீழ்ந்த பிறகு, அவர்களிடம் வந்தது. வரி கட்ட வேறு பயிர்கள் இருந்தன. வீட்டுச் சாப்பாட்டுக்கு ராகிதான்.

தனியாக விளையாத பயிர்

ஆடி மாதம் மழை விழுந்ததும் உழவு ஓடும். பழைய முறையில் ராகியை மட்டும் விதைப்பது அரிது. ராகிச் சால்கள் பல ஓடிய பிறகு ஒரு சால் அவரைக்கு. இடையில் கடுகு, துவரை, ஆமணக்கு, கொஞ்சம் எள். எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் இதற்கு ‘அக்கடி சாலு’ என்று பெயர். இங்கே சொல்லும் அவரை பந்தல் அவரை இல்லை. வயல் அவரை, சில ஊர்களில் மொச்சை. அதன் காட்டு உறவுகளும் கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் மிகுதியாக உள்ளன. ஆக, ராகியும் அவரையும் ஒரே திக்கிலிருந்து வந்து ஒரே வயலில் சேர்ந்த ஊர்க்காரர்கள்.

இந்தக் கூட்டணியில் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. ராகி நான்கு மாதப் பயிர். கார்த்திகை, மார்கழிக்குள் கதிர் அறுபட்டுவிடும். நாட்டு அவரை அப்படியில்லை. பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். ராகி நிற்கும் வரை கொடி அடங்கிக் கிடக்கும். ராகி போனதும் வயல் முழுக்கப் படர்ந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் மார்கழிப் பனியையும் வைத்துக்கொண்டே பூத்துக் காய்க்கும். மழை குறைந்து ராகி கருகினாலும் அவரை கொஞ்சம் கைகொடுக்கும். அவரை ஏமாற்றினால் துவரை இருக்கும். அவரையின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் தழைச்சத்து அடுத்த ஆண்டு ராகிக்கு மிஞ்சும். ராகித் தாள் மாட்டுக்கு, மாட்டுச் சாணம் வயலுக்கு. வெளியிலிருந்து பணம் கொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு.

அறுத்த கதிரைக் களத்தில் குவித்துச் சில நாள் மூடிவைப்பார்கள். லேசான சூட்டில் மணி இளகும். பிறகு கல்லுருளையை மாடு இழுக்கும். இப்போது பல கிராமங்களில் அந்த வேலையைத் தார்ச்சாலை செய்கிறது. கதிரைச் சாலையில் பரப்பிவிட்டால் லாரியும் பஸ்ஸும் போரடித்துக் கொடுத்துவிடும். போக்குவரத்துப் போலீஸார் எச்சரிப்பதும், இருசக்கர வண்டிகள் வழுக்குவதும், அடுத்த ஆண்டு மறுபடியும் பரப்புவதும் தை மாதத்து வழக்கமாகிவிட்டன.

குழியில் உறங்கிய ராகி

தானியங்களுக்கெல்லாம் எதிரி வண்டு. ராகியை மட்டும் அது ஏறக்குறைய விட்டுவிடுகிறது. மணி மிகச் சிறியது, மேல்தோல் கடினமானது, தோலில் துவர்ப்பு வேறு. புழு உள்ளே நுழைந்து வளர இடமில்லை. அதனால் நன்றாகக் காயவைத்த ராகியை மண்ணில் குழி வெட்டி, வைக்கோல் விரித்து, கொட்டி, வாயை மூடி மண் போட்டுவிடுவார்கள். பல ஆண்டு கழித்துத் திறந்தாலும் உண்ணத் தகுந்ததாகவே இருக்கும். திறந்த உடனே குழிக்குள் இறங்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த எச்சரிக்கை. மூடிய குழியில் பிராணவாயு தீர்ந்து கரியமில வாயு நிறைந்திருக்கும்.

இந்தச் சேமிப்புக் குணத்தைக் கன்னடத்துக் கனகதாசர் 16ஆம் நூற்றாண்டில் ஒரு காவியமாகவே எழுதிவைத்தார். ‘ராமதான்ய சரித்ரெ’யில் நெல்லும் ராகியும் யார் உயர்ந்தவர் என்று ராமன் முன்னால் வழக்காடுகின்றன. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறார்கள். திறந்து பார்க்கும்போது நெல் சோர்ந்து கிடக்கிறது; ராகி அப்படியே நிற்கிறது. தீர்ப்பு ராகிக்கு. மேல்சாதி தின்னும் அரிசிக்கும் உழைப்பவன் தின்னும் ராகிக்கும் இடையே நடந்த வழக்கு அது என்று வாசகர்கள் அன்றே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் குழியும் எல்லாப் பஞ்சத்தையும் தாங்காது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் மைசூர்ச் சீமையையும், ஓசூர் அப்போது சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. 1871க்கும் 1881க்கும் இடையில் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மழை ஒருமுறை பொய்த்தால் குழி காப்பாற்றும். அடுத்தடுத்துப் பொய்த்து, விலையும் எட்டாமல் போனால் குழியில் என்ன மிஞ்சும்? பாட்டன் காலத்து உணவு எல்லாவற்றையும் தாங்கியது என்று இன்று பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

களி, கூடவே கடைசல்

வயலிலிருந்து ராகி நேரே திருகைக்குப் போனது. இங்கே ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. நெல்லைக் குத்தித் தீட்டி வெள்ளையாக்கலாம். ராகியைத் தீட்ட முடியாது. உள்ளே இருக்கும் மாவுப்பகுதி மிருது. மேல்தோல் அதோடு இறுக ஒட்டியது. உரசினால் தோல் உரிவதற்குள் மணியே நொறுங்கிவிடும். ஆகவே ஏழை வீட்டிலும் பணக்காரன் வீட்டிலும் ராகியைத் தவிட்டோடு முழுசாக அரைத்துத்தான் உண்டார்கள். வேறு வழியில்லாததால் கிடைத்த ஆரோக்கியம் அது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் தோலோடு சேர்ந்த மணியின் மதிப்பு எண்களாகத் தெரிகிறது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 8கூட இல்லை, பசும்பாலில் 118. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3க்கும் கீழே. இந்த இரண்டு வரிகளைத்தான் பாக்கெட்டுகள் பெரிய எழுத்தில் போடுகின்றன. அதே அட்டவணையின் மற்ற வரிகளை யாரும் அச்சிடுவதில்லை. புரதத்தில் ராகி (7.2 கிராம்) அரிசியைவிடவும் (7.9) சற்றுப் பின்னால் நிற்கிறது. மாவுச்சத்து அரிசியில் 78 கிராம் என்றால் ராகியில் 67. வித்தியாசம் உண்டு, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

புரதத்தின் அளவோடு அதன் தரத்தையும் பார்க்க வேண்டும். உடல் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் லைசின் ராகியில் குறைவு, மெத்தியோனின் தாராளம். அவரையில் நேர்மாறு: லைசின் நிறைய, மெத்தியோனின் போதாது. உலர்ந்த அவரைக் கொட்டையில் புரதம் 20 கிராம் அளவுக்கு இருக்கும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. அந்த இரண்டும் ஒரே வயலில் விளைந்து ஒரே தட்டில் விழுந்தன. இதை எந்த ஆய்வகமும் சொல்லித் தரவில்லை. பக்கத்துச் சாலில் காய்த்ததைப் பறித்துக் குழம்பு வைத்தார்கள், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் களியில் முதலில் கொஞ்சம் அரிசி நொய்யை வேகவிட்டு, அதன் மேல் ராகி மாவைக் கொட்டி, வெந்ததும் துடுப்பால் கிண்டி உருண்டை பிடிப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் முத்தே. பெரும்பாலும் மாவு மட்டும். களியை மென்று தின்பதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்குவார்கள். களி வெறும் வயிற்று நிரப்பி. சுவையும் மீதிச் சத்தும் தொட்டுக்கொள்வதில்தான்: புளிச்சகீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, கீரையும் பருப்பும் வெந்த நீரில் செய்த உப்புச்சாறு, பனிக்காலம் வந்தால் பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம்பருப்புக் குழம்பு. புளிச்சகீரையின் புளிப்பும் பச்சைக் காய்கறியின் சத்தும் ராகியில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். கூழ் என்றால் மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். சுண்ணாம்பையும் இரும்பையும் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்ற பொருள் அந்தப் புளிப்பில் குறைகிறது. முளைகட்டினாலும் குறையும்.

களி தின்றவன் மலையையும் பெயர்ப்பான் என்று கன்னடத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்தக் களியைத் தின்றவன் காலையில் ஏர் பிடித்தான், மாலையில் விறகு சுமந்தான் என்பது அதற்குள் சொல்லாமல் சொல்லப்பட்ட செய்தி.

மாண்டியாவில் ஒரு சந்திப்பு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ராகியின் பயணம் ஒரு விசித்திரமான திருப்பத்தை எடுத்தது. ஓசூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மாண்டியாவின் விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பண்ணையில் லட்சுமணய்யா என்ற பயிர்ப்பெருக்க அறிஞர் ராகியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். ஊரார் அவரை ‘ராகி லட்சுமணய்யா’ என்றே அழைத்தார்கள். ராகிப் பூ மிகச் சிறியது. தன்மகரந்தத்திலேயே சூல் கொள்வது. ஒரு ரகத்தை இன்னொன்றோடு கலப்பது பெரும்பாடு. அவர் இந்திய ராகியை ஆப்பிரிக்க ராகியோடு கலந்தார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகள் அந்தப் பண்ணையில் மறுபடி சேர்ந்தன. இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரு பெயர்களின் ஆங்கில முன்பாதிகளைச் சேர்த்து ‘இண்டாஃப்’ என்று பெயரிட்டார். 1970களில் அந்த வரிசை ரகங்கள் வயலுக்கு வந்தபோது ராகி விளைச்சல் ஒரே தாவலில் உயர்ந்தது.

ராகியின் பெரிய எதிரி குலைநோய். கதிர்க்காம்பில் பூஞ்சை பிடித்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். இண்டாஃப் ரகங்களோடு நோய் தாங்கும் ஆப்பிரிக்க வழி ராகி ஒன்றை மீண்டும் கலந்து பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உருவானது ஜிபியூ 28. 1996இல் வெளிவந்த அந்த ரகம் மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் பரவியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கென்று அங்கு உருவான பையூர் 1, பையூர் 2 இரண்டும் இந்த மண்ணின் பெயரோடே ராகிப் பட்டியலில் இருக்கின்றன. 2017இல் பெங்களூர் விஞ்ஞானிகள் ராகியின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவையும் வெளியிட்டார்கள்.

விளைச்சல் கூடியது. ஆனால் புது ரகத்துக்கான பரிந்துரைகள் தனிப்பயிரை மனதில் வைத்தே எழுதப்பட்டன: வரிசை நடவு, மேலுரம், களையெடுப்பு. நடுவில் படரும் அவரை இதற்கெல்லாம் இடைஞ்சல். அவரையும் சும்மா இருக்கவில்லை. பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் பூக்கும் குட்டை ரகங்களாக ஹெப்பாள் அவரை 3, 4 ஆகியவற்றை அதே பெங்களூர் பல்கலைக்கழகம் கொடுத்தது. ராகி அறுக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அவரைக்கு இல்லாமல் போனது. பெங்களூர்ச் சந்தைக்கு ஆண்டு முழுவதும் காய் கொடுக்கும் தனிப்பயிராக அது வேறு வழியில் போய்விட்டது. இரண்டுமே நல்ல ஆராய்ச்சி. இரண்டும் சேர்ந்து ஒரு பழைய கூட்டணியைப் பிரித்தன.

தொழிற்பேட்டைக்கு வந்த அரிசி

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. வறண்ட வட்டாரத்துக்கு வேலை கொண்டுவந்த முயற்சி அது. அந்த வேலை இல்லாவிட்டால் பல வீடுகளில் இன்று சர்க்கரை நோயைப் பற்றிப் பேச வாய்ப்பும் இருந்திருக்காது. ஆனால் மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை கேன்டீனில் ஆயிரம் பேருக்குக் களி கிண்ட முடியாது. சோறு வடிப்பது சுலபம். ரேஷனில் 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011இல் இலவசமானது. வீட்டில் கிடக்கும் ராகியைத் தூற்றி, காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப்போய், கிண்டி எடுப்பதா, இலவச அரிசியை உலையில் போடுவதா என்ற கேள்விக்கு, இரண்டு வேலைகளுக்கு நடுவே நிற்கும் பெண் என்ன பதில் சொல்வாள் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சோறு கௌரவம் என்பதும் சேர்ந்துகொண்டது. களி சிறைச்சாலை உணவுக்கான கேலிச்சொல்லாகவே மாறியிருந்தது.

நிலமும் கை மாறியது. குளிர்ந்த ஓசூரின் காற்று ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் பிடித்துப்போய்ப் பசுமைக்குடில்கள் எழுந்தன. தக்காளியும் கோஸும் பெங்களூருக்குப் போயின. பிறகு மனைப்பிரிவுகள். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தது. ராகி விளைந்த மேட்டு நிலத்தில் கல் நட்டுச் சதுர அடிக் கணக்கில் விற்பது ராகியைவிட நிச்சயமான விளைச்சலாகத் தெரிந்தது. நாடு முழுவதும் இதே போக்குதான்: 1960களோடு ஒப்பிட்டால் இந்தியாவின் ராகிப் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

எஞ்சிய ராகிக்கு இன்னொரு பங்காளி இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ராகி பால் பிடிக்கும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று சுற்றிவிட்டு, அறுவடை முடிந்ததும் திரும்புகின்றன. மூங்கிலையும் புல்லையும்விட ராகிக் கதிரில் ஒரு வாய்க்குக் கிடைக்கும் சத்து அதிகம் என்று யானைக்கு எந்தப் பாக்கெட்டும் எழுதிக்காட்டவில்லை. பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்து, பட்டாசு வெடித்து, தகரம் தட்டிக் காவல் காத்தும், ஒரே இரவில் வயல் போய்விடுவதுண்டு. உயிர்ச்சேதமும் நடக்கிறது, இரு பக்கமும். வனத்துறை இழப்பீடு தருகிறது. ஆனாலும் காட்டோரத்தில் ராகி வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் நிறைய.

அலமாரிக்கு ஏறிய பிறகு

2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை இந்தியாவின் கோரிக்கையை ஏற்று 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன்பே காற்று திரும்பியிருந்தது. 2013-14இல் குவிண்டாலுக்கு 1,500 ரூபாயாக இருந்த ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2018-19இல் 2,897 ஆனது, 2025-26க்கு 4,886. அதே ஆண்டு சாதாரண நெல்லுக்கு 2,369. ராகி நெல்லைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மதிப்புப் பெறும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ராகிக்கு நேரடிக் கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். இது பழைய கணக்கின் மேல் போட்ட நல்ல திருத்தம்.

கடைகளில் ராகி பல வேஷங்களில் வந்தது: முளைகட்டிய மாவு, சத்துமாவு, பிஸ்கட், சேமியா, நூடுல்ஸ், அவல். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.ஜி. மல்லேஷி போன்றோர் ராகி மால்ட்டையும் குழந்தை உணவுகளையும் வளர்த்தெடுத்தார்கள். ஆவியில் பக்குவப்படுத்தி மணியின் உட்பகுதியை இறுக்கி, பிறகு தோலை நீக்கும் முறையும் அங்கே பிறந்தது. பல ஆயிரம் ஆண்டாகத் தீட்ட முடியாமலிருந்த தானியம் இப்போது சோறாக வேகும்படி தீட்டப்படலாம். ஆனால் சுண்ணாம்பிலும் நாரிலும் துவர்ப்புச் சத்திலும் கணிசமான பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது.

சர்க்கரை நோயாளி அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் ராகிக்கு மாறும்போதும் இதே கவனம் வேண்டும். மிக நைசாக அரைத்த மாவை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அது குடலில் வேகமாகச் சர்க்கரையாகிவிடும். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று சோதித்த ஆய்வுகளில், ராகியின் எண் செய்முறைக்குச் செய்முறை பெரிதும் மாறுகிறது. கஞ்சியும் நைஸ் மாவும் உயர்ந்த பக்கத்தில் நிற்கின்றன. ராகி பிஸ்கட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முதல் இடத்தில் கோதுமையோ மைதாவோ, பக்கத்திலேயே சர்க்கரையோ இருப்பது வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் அளவைக் குறைத்து, கூடவே பருப்பும் கீரையும் வைத்து, தங்கள் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ராகியில் உள்ள ஆக்சலேட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏர் பிடித்தவனுக்கு இரண்டு உருண்டை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கும் அதே இரண்டு உருண்டை என்றால் ராகி என்ன செய்யும்?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் முளைகட்டிய ராகிப்பால் கொடுக்கும் வழக்கத்துக்கு அறிவியலும் ஆதரவாகவே இருக்கிறது. முளைகட்டும்போது மணிக்குள் சுரக்கும் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் நீர்த்துப்போகும். ஆகவே அதே இளக்கத்தில் அதிக மாவு சேர்க்கலாம், சின்ன வயிற்றில் அதிகச் சத்து போகும். ஆனால் அங்கும் ராகி மட்டும் போதாது. பருப்பு, காய்கறி, முட்டை என்று படிப்படியாகச் சேர வேண்டும்.

ஓசூரில் இன்று ராகிக்களி நாட்டுக்கோழிக் குழம்போடு ஓட்டல் பலகையில் சிறப்பு உணவாக எழுதப்படுகிறது. கோடையில் சாலையோரத் தள்ளுவண்டியில் கூழும் மோர்மிளகாயும் கிடைக்கின்றன. ஆலையிலிருந்து வெளிவரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும்கூட நின்று குடிக்கிறார்கள். மரியாதை திரும்பியிருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறது. விலையும் இருக்கிறது.

ஆனால் ஆதரவு விலைப் பட்டியலில் துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை எல்லாம் உண்டு. வயல் அவரை இல்லை, கொள்ளும் இல்லை. கொள்முதல் நிலையம் ராகி மூட்டையை மட்டும் எடை போடுகிறது. ரேஷன் கடை ராகியை அளந்து கொடுக்கிறது, அவரையையும் கொள்ளையும் அல்ல. பாக்கெட் ராகியை மட்டும் அடைத்து விற்கிறது. இந்த மேட்டு நிலத்தின் உணவு ஒருபோதும் ஒரு தானியமாக இருந்ததில்லை. நான்கைந்து சால்களில் விளைந்து ஒரு தட்டில் சேர்ந்த ஏற்பாடு அது. சத்து என்று நாம் இப்போது தேடுவதில் பாதி அந்தச் சேர்க்கையில்தான் இருந்தது.

அதைத் திருப்பிக் கொண்டுவரப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராகிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு விலை உறுதியை அவரைக்கும் கொள்ளுக்கும் கொடுத்தால், மேட்டு நில விவசாயி மறுபடி அவரைச் சால் ஓட்டுவதற்குக் கணக்குச் சரியாக வரும். இரண்டு கிலோ ராகியோடு கால் கிலோ கொள்ளோ அவரையோ ரேஷனில் சேர்ந்தால் தட்டு நிறையும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது எளிது: அடுத்த முறை ராகி மாவு வாங்கும்போது அதே கூடையில் ஒரு பிடி அவரைக்கொட்டையையும் ஒரு கட்டுக் கீரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.